வில்லுப்பாட்டுக்கு ஏழு எழுத்து

கேள்வி: முக்கூடல் பக்கத்து ஊரிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரர் சென்னையில் பலசரக்குக் கடையில் வேலை பார்க்கிறார். மகன் ஏழாம் வகுப்பு, தமிழ் வழி. வாய் நிறையப் பேசுவான். கோயில் கொடைத் திருவிழாவில் ஒரு ராத்திரி வில்லுப்பாட்டு கேட்டால் மறுநாள் கதை முழுவதையும் ராகத்தோடு சொல்லிவிடுவான். ஆனால் எழுதச் சொன்னால் ஒரு வரிக்கு நாலு தப்பு. டிக்டேஷனில் இருபதுக்கு மூன்று. ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார மாட்டான். தப்பான சொல்லை நூறு தடவை எழுதி வரச் சொல்கிறார்கள். எழுதிக்கொண்டு போன மறுநாளே திரும்பவும் தப்பு. சிலர் சோம்பேறி என்கிறார்கள், சிலர் மூளையில் ஏதோ குறை என்கிறார்கள். அவன் அப்பா போனில் திட்டுகிறார், ஊருக்கு வந்தால் அடிக்கிறார். வல்லாரையும் கொடுத்துப் பார்த்துவிட்டேன். அவன் நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். நான் எட்டாவதுதான் படித்தேன், என் எழுத்தில் பிழை இருந்தால் மன்னிக்கவும். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்தீர்களே, அதற்கு முதலில் நன்றி. காய்ச்சல் என்று வருபவருக்கு ரத்தப் பரிசோதனை எப்படியோ, சிறப்புக் கல்வி ஆசிரியையான எனக்குப் பிள்ளையின் நோட்டுப் பக்கம் அப்படி. மதிப்பெண்ணைவிட அதுதான் பேசும்.

முதலில் கண்ணில் பட்டது எழுத்துப் பிழை இல்லை. பேனாவை அவன் அழுத்தியிருக்கும் அழுத்தத்தில் தாளின் பின்பக்கம் முழுக்கத் தடம் விழுந்திருக்கிறது. 'வாழைப்பழம்' என்ற சொல்லை இரண்டு முறை அடித்துவிட்டு மூன்றாவது முறை எழுதியிருக்கிறான், மூன்றிலும் தப்பு. சோம்பேறிப் பிள்ளை ஒரு சொல்லோடு மூன்று முறை மல்லுக்கட்டாது. உங்கள் மகன் தன்னால் முடிந்ததற்கு மேலேயே உழைக்கிறான். அந்த உழைப்பு போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

சரி, அவன் எழுதியதைப் பார்ப்போம். எழுத நினைத்தது இது: "நேற்று எங்கள் ஊர் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு நடந்தது. இரவு முழுவதும் நான் தூங்கவில்லை. மாமா வாழைப்பழம் வாங்கித் தந்தார்." இந்த மூன்று வரியில் எட்டுச் சொற்கள் தப்பு: நெற்று, கெடையில், விலுபாட்டு, இறவு, முளுவதும், துங்கவில்லை, வாளைபளம், தன்தார். வாத்தியார் எட்டையும் சிவப்பு மையில் சுழித்து 'கவனம் தேவை' என்று எழுதியிருக்கிறார். எட்டும் ஒரே மாதிரித் தப்பு என்று நினைத்தால் அப்படித்தான் எழுதத் தோன்றும். ஆனால் இந்த எட்டுக்கும் காரணம் ஒன்றில்லை.

முளுவதும், வாளைபளம் இரண்டையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நம் திருநெல்வேலிப் பக்கம் பேச்சில் ழ பெரும்பாலும் ள ஆகிவிடும். கடையில் 'வாளப்பளம் ஒரு சீப்பு தாங்க' என்றுதான் கேட்கிறோம். அவன் காதில் விழுவதை அப்படியே எழுதியிருக்கிறான். அவன் காது சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. எழுத்துக்கு ஓர் ஒலி, பேச்சுக்கு ஓர் ஒலி என்று யாரும் அவனுக்கு உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. மற்ற பிள்ளைகள் புத்தகத்தில் திரும்பத் திரும்பப் பார்த்துத் தாமாகப் பிடித்துக்கொள்வார்கள். எழுத்தில் தடுமாறும் பிள்ளை அப்படிப் பிடிக்காது, பச்சையாகச் சொல்லித் தர வேண்டும்.

'கெடையில்' வேறு வகை. கொ என்பது வாய்க்கு ஒரே ஒலி. கைக்கோ மூன்று வேலை: முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். க எழுதி முடித்ததும் அவன் மனசு அடுத்த எழுத்துக்கு ஓடிவிட்டது, கால் விழுந்துபோனது. இது கவனம் நழுவிய தப்பு. நெற்று, துங்கவில்லை இரண்டும் இதற்குப் பக்கத்து வீடு. வாயால் நேற்று என்று நீட்டித்தான் சொல்கிறான், கையில் ரெட்டைக்கொம்பு ஒத்தைக்கொம்பாகிவிடுகிறது.

'தன்தார்' விதி தெரியாத தப்பு. ந, ன, ண மூன்றுக்கும் நம் முன்னோர் வைத்த பெயரிலேயே விடை இருக்கிறது. தந்நகரம், றன்னகரம், டண்ணகரம் என்பார்கள். த-வுக்கு முன்னால் வருவது ந் (பந்து, சந்தை, தந்தார்). ற-வுக்கு முன்னால் வருவது ன் (கன்று, நன்றி). ட-வுக்கு முன்னால் வருவது ண் (வண்டி, நண்டு). தனிச்சொல்லுக்குள் இது மாறாது. இந்த ஒரு விதி பிடிபட்டால் நூற்றுக்கணக்கான சொல் தானாகச் சரியாகும். இதை மூன்று சுழி, இரண்டு சுழி என்று மட்டும் சொல்லிக் கொடுத்துக் கடந்துபோவது எனக்கு எப்போதும் வருத்தம். சுழியை எண்ணத் தெரிந்தால் எழுத்தின் வடிவம் தெரியும், எந்த இடத்தில் எது வரும் என்பது தெரியாது.

இன்னொரு விதியும் கையோடு சொல்லிக் கொடுங்கள். ட், ற் இரண்டுக்கும் அடுத்து இன்னொரு புள்ளி எழுத்து வராது. முயற்சி, பயிற்சி, அதற்கு, காட்சி. 'முயற்ச்சி', 'விற்ப்பனைக்கு' என்று எழுதிய போர்டுகள் நம் ஊர்ச் சாலைகளில் தொங்குகின்றன. அவற்றைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் தப்பைப் பிடிப்பதில் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இருக்கும் உற்சாகமே தனி.

'இறவு' மட்டும்தான் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டிய சொல். ர, ற பல சொற்களில் அப்படித்தான், விதி கைகொடுக்காது. ஆனால் எட்டில் ஒன்றுதான் அந்த ரகம் என்பதைக் கவனியுங்கள்.

'விலுபாட்டு' மிச்சம் இருக்கிறது. வாளைபளத்தில் ப் விழுந்துபோனதும் இதே வகைதான். அதிலிருந்துதான் நீங்கள் தொடங்க வேண்டும் என்பேன். அதற்கு முன்னால் இந்த நூறு தடவை விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

சிறப்புக் கல்விக்கு வருவதற்கு முன் நான் வகுப்பாசிரியையாக இருந்தேன். நானும் இம்போசிஷன் கொடுத்தவள்தான். ஒரு நாள் இடைவேளையில் என் வகுப்புப் பையன் ஒருவன் எழுதிக்கொண்டிருந்ததைப் பின்னால் நின்று பார்த்தேன். தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழே வரிசையாக 'மு', 'மு', 'மு' என்று ஐம்பது. அது முடிந்ததும் பக்கத்தில் 'ய', 'ய', 'ய'. அப்புறம் 'ற்'. சீக்கிரம் முடிப்பதற்கு அவன் கண்டுபிடித்த வழி. அந்தச் சொல்லை ஐம்பது தடவை எழுதியதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவன் ஒரு தடவைகூட எழுதவில்லை. அன்றோடு நான் இம்போசிஷன் கொடுப்பதை விட்டேன். முன்னால் கொடுத்ததற்காக இன்றைக்கும் மனசு வலிக்கிறது. ஆரம்பத்தில் தப்பாகப் பார்த்து எழுதிவிட்டால் இன்னும் மோசம், நூறு தடவை அந்தத் தப்புக்கே கை பழகிவிடும்.

இனி விலுபாட்டு. அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, எழுதுவதற்கு முன்னால் விரல் விட்டு எண்ணச் சொல்லுங்கள். வி, ல், லு, ப், பா, ட், டு. ஏழு. அப்புறம் அவன் எழுதியதை எண்ணச் சொல்லுங்கள். வி, லு, பா, ட், டு. ஐந்து. இரண்டு எழுத்தைக் காணோம் என்று அவனே கண்டுபிடிப்பான். எங்கே தொலைந்தது என்று தேட வேண்டியதுதான் பாக்கி. 'நீ தப்பு' என்று யாரும் சொல்லவில்லை பாருங்கள், கணக்கு சொல்லிவிட்டது. வில்-லுப்-பாட்-டு என்று தொடையில் தட்டித் தட்டிச் சொன்னால் எந்த இடத்தில் ஒலி அழுந்துகிறது என்பது காதுக்குத் தெரியும். அழுந்தும் இடத்தில் புள்ளி எழுத்து இருக்கிறது. வில்லுப்பாட்டை ராகத்தோடு சொல்லும் பிள்ளைக்குத் தாளம் சொல்லித் தரவா வேண்டும்?

இதற்கு நோட்டும் வேண்டாம், நேரம் ஒதுக்கவும் வேண்டாம். மடியில் சுளவை (முறத்தை) வைத்து இலைக்குள் தூள் வைத்துச் சுருட்டும்போது உங்கள் கையும் கண்ணும்தான் வேலையில் இருக்கின்றன. காதும் வாயும் சும்மாதானே இருக்கின்றன? "ஏல, கல்லிடைக்குறிச்சிக்கு எத்தன எழுத்து?" என்று கேளுங்கள். அவன் விரல் மடக்கட்டும். க, ல், லி, டை, க், கு, றி, ச், சி. ஒன்பது. நீங்கள் எட்டாவது படித்தது இதற்குத் தாராளம். உங்களுக்கே சந்தேகம் வந்தால் இரண்டு பேருமாகப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அம்மாவும் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாள் என்று அவன் காண்பது அவனுக்கு நல்லது.

எழுத்து வேலைக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். ஒரு வாரத்துக்கு ஐந்து சொல், ஐந்தும் ஒரே வகைத் தப்பிலிருந்து. இந்த வாரம் ழ என்றால் ழ மட்டும். சொல்லைப் பார்க்க வேண்டும், எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டும், மூட வேண்டும், ஒலியைச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும், திறந்து அவனே ஒப்பிட வேண்டும். வாயும் கையும் சேர்ந்து போவது முக்கியம். முறத்தில் மணலைப் பரப்பி விரலால் எழுதினாலும் சரி, பழைய திண்ணைப் பள்ளியில் அப்படித்தான் பழகினார்கள். ஆனால் வாய் மூடியிருந்தால் மணலில் எழுதியும் பயன் குறைவு. மறுநாள் புதுச் சொல்லுக்குப் போகும் முன் நேற்றைய சொல்லை ஒரே ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. ஒரே நாளில் நூறைவிட ஐந்து நாளில் ஐந்து தடவை எழுதியது நிற்கும்.

ழகரத்துக்கு நாக்கைச் சொல்லிக் கொடுங்கள். ல சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொடும். ள-வுக்கு நாக்கு மடிந்து மேலண்ணத்தைத் தொடும். ழ-வுக்கு அதே போல மடிந்து, தொடாமல் நிற்கும். கண்ணாடி முன்னால் இரண்டு நாள் விளையாட்டாகச் செய்தால் வந்துவிடும். பேச்சில் வாளப்பளம் என்றே சொல்லட்டும், அது நம் ஊர்ப் பேச்சு, அதைத் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். எழுதும்போது மட்டும் மனசுக்குள் 'எழுத்துக் குரலில்' வாழைப்பழம் என்று சொல்லிக்கொள்ளட்டும். சொற்களைக் குடும்பமாகக் கொடுங்கள்: முழு, முழுவதும், முழுமை. ஒன்று தெரிந்தால் மற்றது தெரியும். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது போர்டுகள் இருக்கின்றன. தாழையூத்தில் ழ, வள்ளியூரிலும் களக்காட்டிலும் ள, ஆலங்குளத்தில் ல-வும் ள-வும். இவன் ஊர் ஊராகத் தெரிந்த பெயர்கள், எழுத்து ஒட்டிக்கொள்ள வசதி.

கவனத்துக்கு வருகிறேன். 'கவனமாக எழுது' என்பது இந்தப் பிள்ளைகளுக்குப் புரியாத கட்டளை. எதைக் கவனிக்க என்று சொல்ல வேண்டும். எழுதும்போது திருத்தவே வேண்டாம், ஓடட்டும். முடித்து, எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து, கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்குப் பின்னோக்கிப் பார்க்கட்டும். முன்னிருந்து படித்தால் மனசு அர்த்தத்தோடு ஓடிவிடும், எழுத்து கண்ணில் படாது. முதல் சுற்றில் புள்ளி மட்டும். இரண்டாவது சுற்றில் கொம்பும் காலும் மட்டும். மூன்றாவதில் அந்த வாரத்து எழுத்து. பள்ளி விட்டு வந்ததும் உட்கார வைக்காதீர்கள், ஒரு மணி நேரம் ஓடி விளையாடிவிட்டு வரட்டும். அந்தப் பதினைந்து நிமிடமும் டிவி அணைந்திருக்கட்டும்.

இதில் ஒரு சோதனையும் இருக்கிறது. முந்தின நாள் எழுதிய பக்கத்தை மறுநாள் கொடுத்து, தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானதை அவனே கண்டுபிடித்தால் தெரிந்ததைக் கை தவறவிடுகிறது, கவனப் பக்கம் அதிகம் பார்க்க வேண்டும். பார்த்தும் தெரியவில்லை என்றால் எழுத்தறிவில் இடைவெளி. இரண்டும் கலந்தும் இருக்கலாம், பல பிள்ளைகளுக்குக் கலந்துதான் இருக்கிறது.

இது டிஸ்லெக்சியா என்கிற கற்றல் குறைபாடா என்று ஒரு பக்கத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். இவன் வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு காரணம் வெளியிலும் இருக்கிறது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது இவன் ஒன்றாம் வகுப்பு. 2021 நவம்பர் 1-ஆம் தேதி சின்ன வகுப்புகள் திரும்பத் திறந்தபோது மூன்றாம் வகுப்பு. கொம்பும் காலும் கையில் படிய வேண்டிய காலம் அப்படியே போய்விட்டது. வெறும் இடைவெளி என்றால் நான் சொன்ன முறையில் மூன்று மாதத்தில் நன்றாகவே மேலே வருவான். முறையாகச் சொல்லிக் கொடுத்தும் நகரவில்லை, படிப்பதும் திக்கித் திக்கித்தான் என்றால் பரிசோதனை வேண்டும். குடும்பத்தில் வேறு யாருக்காவது எழுத்து வராமல் இருந்ததா என்றும் யோசித்துப் பாருங்கள், இது பரம்பரையாக வருவதுண்டு. கற்றல் குறைபாடு என்றாலே அறிவு குறைவு என்று அர்த்தம் இல்லை. அறிவு நன்றாக இருந்தும் படிப்பது, எழுதுவது போன்றவற்றில் மட்டும் தடுமாறுவதற்குத்தான் அந்தப் பெயர்.

முதலில் கண்ணையும் காதையும் பாருங்கள். அடிக்கடி காதில் சீழ் வந்த பிள்ளை என்றால் கட்டாயம். அப்புறம் தலைமையாசிரியரிடம் சொல்லி, வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரைப் பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அது அரசு ஏற்பாடு, காசு இல்லை. அங்கிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவு, மனநலப் பிரிவு. மனநலம் என்ற போர்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள், உட்கார முடியாத பிள்ளைக்கு என்ன என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். கவனக்குறைவுக்கு (ஏ.டி.எச்.டி. என்பார்கள்) மருந்து தேவை என்று டாக்டர் சொன்னால் பக்கத்து வீட்டில் கேட்காமல் அவரிடமே உட்கார்ந்து எல்லாச் சந்தேகத்தையும் கேளுங்கள்.

பார்வையற்ற பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் நூறு வருஷத்துக்கு மேலாகப் பள்ளி நடத்தும் ஊர் பாளையங்கோட்டை. கண்ணுக்குத் தெரியும் குறைக்கு இவ்வளவு இடம் கொடுத்த ஊரில், கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிரமத்துக்கு இன்னும் 'சோம்பேறி' என்ற பட்டம்தான் கிடைக்கிறது என்பது எனக்கு ஆறாத வருத்தம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஒன்றாகக் கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. கவனக்குறைவு மட்டும் தனியாக இருந்தால் அந்தப் பட்டியலில் வராது. சான்றிதழ் கிடைத்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குப் பள்ளி வழியாக விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்புப் பாதியில் சான்றிதழுக்கு அலையாமல் இப்போதே தொடங்குங்கள்.

வல்லாரை துவையலுக்கு நல்லது, சாப்பிடட்டும். எழுத்துப் பிழைக்கு அது மருந்தில்லை. ஞாபகசக்தி டானிக்கும் அப்படியே. ஆறே வாரத்தில் சரிசெய்கிறோம் என்று பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள்.

வாத்தியாரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். மேலே நான் பிரித்துக் காட்டிய எட்டுச் சொல்லை அவருக்குக் காட்டுங்கள். டிக்டேஷனுக்கு இருபதுக்குப் பதில் அந்த வாரத்து ஐந்து சொல், முன் பெஞ்சில் இடம், அறிவியல், சமூக அறிவியல் விடையில் எழுத்துப் பிழைக்காக மதிப்பெண் குறைக்காமை. இந்த மூன்றைக் கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் கேட்டால் செய்வார்கள், அவர்களுக்கும் இதை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அடி, அவமானம் என்று போனால் மட்டும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இரண்டையும் தடுக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

அவன் அப்பாவிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். அண்ணாச்சி, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரை விட்டுப் போய் நாள் முழுக்கக் கல்லாவிலும் மூட்டையிலும் நின்று பிள்ளையைப் படிக்க வைக்கிறீர்கள், அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது. அடி விழும் என்று தெரிந்த பிள்ளைக்குப் பேனாவைத் தொட்டதும் கை நடுங்கும், தெரிந்த எழுத்தும் மறக்கும். ஞாயிற்றுக்கிழமை போனில் மார்க்கைக் கேட்காமல் கதையைக் கேளுங்கள். போன கொடையில் என்ன பாடினார்கள் என்று வாட்ஸ்அப்பில் நாலு வரி எழுதச் சொல்லுங்கள். தப்பிருந்தாலும் திருத்தாமல், அவன் சொன்ன விஷயத்துக்குப் பதில் எழுதுங்கள்.

பெரிய கட்டுரை எழுத வேண்டி வந்தால் முதலில் வாயால் சொல்லட்டும். போனில் மைக்கை அழுத்தித் தமிழில் பேசினால் அதுவே எழுத்தாகும். சில சொல்லை அது தப்பாகப் போடும், எது தப்பு என்று அவன் தேடட்டும். பிறகு நோட்டில் எழுதட்டும். கதையை யோசிப்பதும் எழுத்தை யோசிப்பதும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். பெரியவனானாலும் சில சொற்களில் அவன் தடுமாறலாம், அப்போதும் இந்த வழி உதவும்.

உங்கள் எழுத்துப் பிழைக்கு மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். கடிதத்தில் ஐந்தாறு இடம் இருந்தது. நீங்கள் சொல்ல வந்தது ஒன்றுகூட எனக்குப் புரியாமல் போகவில்லை. மூன்று மாதம் கழித்து அவன் எழுதிய இன்னொரு பக்கத்தை அனுப்புங்கள். யாரும் திருத்தாத பக்கமாக இருக்கட்டும். எந்த வகைத் தப்பு குறைந்திருக்கிறது, எது அப்படியே நிற்கிறது என்று பார்த்து அடுத்த ஐந்து சொல்லை எழுதி அனுப்புகிறேன்.